ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பதும் இன்றைய நாட்களை வாழ்வதும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முப்பத்து நான்கு வயது வரை ஓய்வுக்காலத்துக்கென்று நான் எதையுமே ஒதுக்கியதில்லை. பிறகு ஒரு நாள் மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோய், அடுத்த ஒன்பது ஆண்டுகள் வருமானத்தில் பாதிக்கும் மேல் சேமித்தேன். அந்த ஆண்டுகளில் பயணம், இசை வகுப்பு, நண்பர்களோடு நான்கு நாள் என்று எது வந்தாலும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம். நாற்பத்து மூன்றாம் வயதில் வயலின் பெட்டியைத் திறந்தபோது, தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை சாய்ந்து விழுந்து கிடந்தது. வில்லின் முடியைப் பூச்சி அரித்திருந்ததால் கைபட்டதும் கொத்தாக உதிர்ந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, நான் ஒரு மாதம் சேமித்த தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வயலின் சரியாகிவிட்டது; என் இடக்கைச் சுண்டுவிரல்தான் பழைய இடத்துக்கு எட்ட மறுத்தது.

இரண்டு தவறுகளையும் ஒரே ஆளாகச் செய்து முடித்திருப்பதால், புதிதாகத் தொடங்குகிற உங்களுக்கு எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல முடியும் என நினைக்கிறேன். பணமும் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தொகைகளை எல்லாம் உங்கள் சொந்தச் செலவின் மடங்குகளாகவே சொல்கிறேன்.

1. பன்னிரண்டு மாதச் செலவை எழுதி எடுங்கள்

தேவைப்படும் ஆவணங்கள்: கடந்த பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கைகள், கடன் அட்டை அறிக்கைகள், சம்பளச் சீட்டுகள், காப்பீட்டுத் தவணை ரசீதுகள், கடைசியாகச் செலுத்திய வருமான வரியின் நகல். இதற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டு விடுமுறை நாட்களின் முற்பகல் போதும். மூன்று மாதக் கணக்கை நான்கால் பெருக்கும் குறுக்குவழியை மட்டும் எடுக்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள், அதாவது காப்பீடு, பள்ளிக் கட்டணம், வாகனப் பழுது, வீட்டு வரி போன்றவை, அந்த மூன்று மாதங்களுக்கு வெளியேதான் பெரும்பாலும் இருக்கும். நான் முதல்முறை இப்படித்தான் செய்தேன். என் உண்மையான செலவைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு ஆண்டுகள் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்தபின் ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒரு வகையில் சேருங்கள். தவிர்க்க முடியாதது முதல் வகை. செய்தபோது மகிழ்ச்சி தந்ததும் இப்போதும் நினைவில் இருப்பதும் இரண்டாவது. எதற்காகச் செலவழித்தோம் என்றே நினைவில்லாதது மூன்றாவது. சிக்கனம் என்றதும் பெரும்பாலோர் இரண்டாவது வகையில்தான் கைவைக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும், வெட்டினால் தியாகம் செய்த உணர்வும் கிடைக்கும். மூன்றாவது வகையை முழுவதுமாகத் துடைத்தெடுக்கும் வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

2. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

சலிப்பூட்டும் படி இது. ஆனால் பணத்தைவிட அதிக நாட்களை விழுங்குவதும் இதுதான். அடையாள ஆவணம், பிறப்புச் சான்று, இதுவரை வேலை செய்த ஒவ்வொரு நிறுவனத்திலும் பெற்ற பணி நியமன ஆணை, பணி விடுவிப்புக் கடிதம், ஓய்வூதிய அல்லது வருங்கால வைப்புநிதிக் கணக்கு எண்கள், காப்பீட்டு ஒப்பந்தங்கள், கடன் பத்திரங்கள், உயில் இருந்தால் அதன் நகல் ஆகிய அனைத்தும் ஒரு கோப்பில் இருக்க வேண்டும். அதன் முதல் பக்கத்தில் எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது, யாரை நாமினியாகக் குறித்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்ற விவரங்களைக் கையால் எழுதி வையுங்கள். இந்தக் கோப்பு இருக்கும் இடம் வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே பலரும் விழும் குழிகள் மூன்று. முதலாவது, பெயர் வேறுபாடு. என் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது: ஒன்றில் முதலெழுத்து முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் தந்தை பெயர் முழுமையாக. முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் தங்கிவிட்ட வைப்புநிதியை மாற்ற விண்ணப்பித்தபோது இந்த ஒரு காரணத்துக்காக மூன்றுமுறை திருப்பி அனுப்பினார்கள்; முடிய ஏழு மாதமாயிற்று. கட்டணமாகக் கொடுத்தது சொற்பம், விடுப்பாகக் கொடுத்ததுதான் அதிகம். இரண்டாவது, பழைய நாமினி. என் முதல் வேலையில் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்த படிவத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் அதுவே பதிவில் இருந்தது. திருமணம், குழந்தை பிறப்பு, மணமுறிவு, மரணம் என்று குடும்பத்தில் எந்த மாற்றம் நேர்ந்தாலும் அந்த மாதமே படிவத்தையும் மாற்றிவிடுங்கள். உயிலில் எழுதிவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள்; பல கணக்குகளில் நாமினி படிவமும் உயிலும் தனித்தனிப் பாதையில் போகும், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல் உங்கள் குடும்பத்துக்குத்தான். மூன்றாவது, வேலை மாறும்போது வருங்கால வைப்புநிதியை எடுத்துச் செலவழித்துவிடுவது. தொகை சிறிதாகத் தெரியும், கையில் வந்ததும் கரைந்தும்விடும். கூட்டுவட்டியில் அதிக ஆண்டுகள் வளரக் காத்திருந்த பணமும் அதுவே.

3. எவ்வளவு தேவை என்று தோராயமாகக் கணக்கிடுங்கள்

துல்லியமான எண் யாருக்கும் கிடைக்காது. தோராயமான எண் கிடைத்தால் போதும், அதை ஆண்டுதோறும் திருத்திக்கொள்ளலாம். ஓய்வுக்குப் பின் ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று இன்றைய விலையிலேயே எழுதுங்கள். வேலைக்குப் போய்வரும் செலவும் பிள்ளைகளின் கல்விச் செலவும் குறையும். மருத்துவச் செலவு கூடும். அதிலிருந்து, உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஓய்வூதியத்தைக் கழியுங்கள். மிச்சத்தை 25 ஆல் பெருக்கினால் வருவதுதான் நீங்கள் சேர்க்க வேண்டிய தொகை.

இந்த 25 மடங்கு, வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவலானது. சேர்த்த தொகையில் முதல் ஆண்டு 4 சதவீதத்தை எடுத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் பணவீக்கத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகளுக்குப் பணம் தீராது என்று 1926 முதலான அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து அவர் காட்டினார். ஒரு நாட்டின் கடந்தகாலத்தை வைத்துச் சொன்னது அது. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் எழுதிக் கொடுத்த உறுதிமொழியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐம்பது வயதிலேயே ஓய்வு பெற நினைப்பவருக்கு 30 ஆண்டு போதாமல் போகலாம் என்பதால், அவர் 3 சதவீதம் என்று வைத்து 33 மடங்காகக் கணக்கிடுவது நல்லது. மறுபக்கம், உங்கள் செலவில் 40 சதவீதத்தை ஓய்வூதியமே பார்த்துக்கொள்ளும் என்றால், நீங்கள் சேர்க்க வேண்டியது முழுச் செலவின் 15 மடங்கு மட்டுமே. இந்தக் கழித்தலைச் செய்ய மறந்து தேவைக்கு மேல் பயந்தவர்களில் நானும் ஒருவன்.

பணவீக்கத்தைப் புரிந்துகொள்ள 72ஐ ஆண்டு விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். விலைகள் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். 30 ஆண்டுகளில் ஐந்தே முக்கால் மடங்கை நெருங்கும். இந்தத் தலைசுற்றலைத் தவிர்க்கத்தான் எல்லாவற்றையும் இன்றைய விலையில் எழுதி, வளர்ச்சி விகிதத்தையும் பணவீக்கம் போக எவ்வளவு என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறேன்.

4. சேமிப்பு விகிதத்தை முடிவு செய்யுங்கள்; ஓரிடத்தில் நிறுத்தவும் செய்யுங்கள்

கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறீர்கள், பணவீக்கம் போக ஆண்டுக்கு 4 சதவீதம் வளர்கிறது, இலக்கு 25 ஆண்டுச் செலவு என்று வைத்துக்கொள்வோம். வருமானத்தில் 10 சதவீதம் சேமிப்பவருக்கு இலக்கை எட்ட ஏறக்குறைய 59 ஆண்டுகள் ஆகும். 20 சதவீதம் என்றால் 41 ஆண்டு. 30 என்றால் 31. 40 என்றால் 23. 50 என்றால் 18. விகிதம் கூடும்போது ஆண்டுகள் இரண்டு காரணங்களால் குறைகின்றன: சேமிப்பு கூடுகிறது, செலவு குறைவதால் இலக்கும் சிறுக்கிறது.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்து, அடுத்தடுத்த வரிகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். 10இலிருந்து 20க்குப் போனால் ஏறக்குறைய 18 ஆண்டுகள் மிச்சமாகின்றன. 40இலிருந்து 50க்குப் போனால் மிச்சம் 6 ஆண்டுக்கும் குறைவு. வலியோ எதிர்த்திசையில் ஏறுகிறது: 90 செலவழித்தவர் 80க்கு இறங்கும்போது செலவில் ஒன்பதில் ஒரு பங்கு குறைகிறது, 60 செலவழித்தவர் 50க்கு இறங்கும்போது ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்பது ஆண்டுகள் நான் கடித்துப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தைத்தான். இருபதுகளில் தொடங்குபவருக்கு 20 முதல் 25 சதவீதமும், முப்பதுகளின் நடுவில் தொடங்குபவருக்கு 30ஐ ஒட்டியும் போதும் என்பது என் முடிவு. அதற்கு மேல் போவதாக இருந்தால், வாங்கும் ஆண்டுகளுக்கு எதை விலையாகக் கொடுக்கிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதிவிட்டுப் போங்கள்.

இன்று 5 சதவீதம்கூட முடியாது என்பவர்கள் சம்பள உயர்வில் கைவையுங்கள். பொருளியல் ஆய்வாளர்களான ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வருங்காலச் சம்பள உயர்வின் ஒரு பகுதி தானாகவே சேமிப்புக்குப் போகும்படி முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. உயர்வில் பாதியைச் சேமிப்புக்கும் மறுபாதியைச் செலவுக்கும் வைத்தால் கையில் வரும் தொகை எந்த மாதமும் குறையாது. சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளே தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைச் சேமிப்போம் என்பவர்களுக்கு மிஞ்சுவதில்லை.

5. 'இன்றைக்கு' என்று ஒரு தனிக் கணக்கைத் தொடங்குங்கள்

மற்ற வழிகாட்டிகள் விட்டுவிடுகிற படி இது. எனக்கு இருப்பதிலேயே முக்கியமான படியும் இதுதான். ஓய்வுக்காலத்துக்குக் கணக்கு எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, தானாகக் கழிவு இருக்கிறது. இன்றைய வாழ்வுக்கோ மிச்சம்மீதிதான் கிடைக்கிறது. மிச்சத்தில் சேமிப்பு எப்படி நடக்காதோ அப்படியே மிச்சத்தில் வாழ்வதும் நடக்காது. எனவே கட்டணமில்லாத ஒரு தனிச் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, ஓய்வுக்கால நிதிக்குப் பணம் போகும் அதே நாளில் வருமானத்தில் 5 முதல் 10 சதவீதம் இதற்கும் போகும்படி செய்யுங்கள். வீட்டுச் செலவோ கடன் தவணையோ இந்தக் கணக்கைத் தொடக்கூடாது.

பிறகு ஒரு பட்டியல் எழுதுங்கள். செய்ய விரும்புவதை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது காலாவதியாகும் ஆண்டைக் குறியுங்கள். சிலவற்றுக்கு உங்கள் முழங்கால்தான் காலக்கெடு: உயரமான மலையேற்றம், நீண்ட சைக்கிள் பயணம். சிலவற்றுக்குப் பிள்ளைகளின் வயது காலக்கெடு. எட்டு வயதுப் பிள்ளை உங்களோடு கடலில் கால் நனைக்கத் துடிக்கும், பதினாறில் அதற்கு வேறு துணை இருக்கும். சிலவற்றுக்குப் பெற்றோரின் உடல்நிலை. இசைக்கருவி, புதிய மொழி போன்றவற்றுக்கு விரலும் நினைவும். அருங்காட்சியகம் பார்ப்பது, தோட்டம் போடுவது, படிக்காமல் விட்ட புத்தகங்களைப் படிப்பது போன்றவை எழுபது வயதுவரைகூட நிதானமாகக் காத்திருக்கும். காத்திருக்கக்கூடியதை ஓய்வுக்காலத்துக்கு அனுப்பிவிட்டு, காத்திருக்காதவற்றில் இரண்டை மட்டும் இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொண்டு, நாள்காட்டியில் தேதி குறித்து, விடுப்புக் கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள். தேதியில்லாத வரி பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

இவற்றுக்கு ஆகும் விலையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பார்த்தபின் பயம் தெளியும். மேலே சொன்ன அதே கணக்கில், 25 சதவீதம் சேமித்து 60இல் ஓய்வு பெறத் திட்டமிட்டிருக்கும் ஒருவர், 35ஆம் வயதில் ஒரு மாதச் செலவுக்குச் சமமான தொகையைச் சேமிக்காமல் பயணத்துக்குச் செலவழித்தால், ஓய்வு ஏறத்தாழ இரண்டு மாதம் தள்ளிப்போகும். சம்பளமில்லா விடுப்பில் ஓராண்டு முழுவதும் எடுத்து, சேமிப்பிலிருந்தே வாழ்ந்தால், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தள்ளிப்போகும். அதையே 50இல் எடுத்தால் ஒன்றரை ஆண்டு. சிலருக்கு இந்த விலை அதிகம், சிலருக்குக் குறைவு. கைக்குழந்தையோடு இருக்க எடுக்கும் ஓராண்டுக்கு நான் மூன்று ஆண்டுகளைத் தயங்காமல் கொடுப்பேன், புதிய காருக்கு மூன்று மாதம்கூடக் கொடுக்கமாட்டேன். உங்கள் விருப்பம் வேறாக இருக்கலாம். விலை தெரிந்தபின் விருப்பத்தைச் சொல்லுங்கள்.

இந்தப் படியில் ஒரு பொறியும் உண்டு. ஒருமுறை செய்யும் செலவும் மாதந்தோறும் தொடரும் செலவும் ஒன்றல்ல. பயணம் முடிந்ததும் அதன் செலவும் முடிகிறது. பெரிய வீடு, பெரிய வாகனம், மாதச் சந்தா போன்றவை ஒவ்வொரு மாதமும் பணத்தை எடுப்பதோடு, ஓய்வுக்கால இலக்கையும் 25 மடங்கில் உயர்த்திவிடுகின்றன. 'இன்றைக்கு' கணக்கிலிருந்து தொடர்செலவு எதையும் தொடங்காதீர்கள்.

6. அவசர நிதி, காப்பீடு, கடன்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆறு மாதச் செலவை உடனே எடுக்கக்கூடிய வகையில் வைத்திருங்கள்; தனி ஒருவரின் வருமானத்தில் நடக்கும் குடும்பம் என்றால் ஒன்பது மாதம். மருத்துவக் காப்பீட்டை உடல் நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், விண்ணப்பத்தில் பழைய நோய்களை மறைக்காதீர்கள். உங்களை நம்பி யாராவது இருந்தால், முதலீடு கலக்காத, குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் எடுக்கும் சாதாரண ஆயுள் காப்பீடு போதும். அதிக வட்டிக் கடன் இருந்தால் மூன்றாம் படியில் சொன்ன இலக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கடனை அடைத்துவிடுங்கள். அப்போதும் 'இன்றைக்கு' கணக்கை மூடாமல், ஒன்றிரண்டு சதவீதமாவது போய்க்கொண்டிருக்கும்படி பாருங்கள். பட்டினி கிடந்து கடன் அடைத்தவர்கள் அடைத்த மறுமாதமே அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

7. முதலீட்டில் கட்டணத்தைக் கேளுங்கள்

எதில் முதலீடு செய்ய வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டமும் வரியும் தெரியாமல் என்னால் சொல்ல முடியாது. யார் எதைப் பரிந்துரைத்தாலும் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, இடையில் வெளியேறினால் எவ்வளவு பிடிப்பார்கள், பரிந்துரைப்பவருக்குத் தரகு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் பணம் 30 ஆண்டுகளில் 10 மடங்காகும். அதில் 1 சதவீதம் கட்டணமாகப் போய் 7 ஆனால் ஏழரை மடங்கை ஒட்டித்தான் நிற்கும். ஒரு சதவீதம்தானே என்று கையெழுத்திட்டது கடைசித் தொகையில் ஏறக்குறைய கால் பங்கு.

ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகள் இருக்கும்போது ஏற்ற இறக்கம் அதிகமுள்ளவற்றிலிருந்து ஒரு பகுதியைப் படிப்படியாக வெளியே எடுங்கள். 50 சதவீதம் விழுந்த தொகை பழைய நிலைக்குத் திரும்ப 100 சதவீதம் ஏற வேண்டும். மாதாமாதம் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்யத் தொடங்கிவிட்டவருக்கு அந்த ஏற்றத்தின் பலன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

8. ஆண்டுக்கு ஒருநாள் உட்காருங்கள்

மாதந்தோறும் பார்த்தால் பதற்றம்தான் மிஞ்சும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் பிழை பெரிதாகிவிடும். ஒரு நாளை நிரந்தரமாகக் குறித்துக்கொண்டு, துணைவர் இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோப்பை மேசையில் விரியுங்கள். ஓராண்டுச் செலவு, சேமிப்பு விகிதம், நாமினி விவரம், காப்பீடு முடியும் தேதி, பட்டியலில் காலாவதி நெருங்கும் வரிகள் ஆகியவற்றைச் சரிபார்க்க மூன்று மணி நேரம் ஆகும். இருவருக்கும் பட்டியல் தனித்தனியாக இருக்கட்டும். என் மனைவியின் பட்டியலில் முதல் வரி நான் ஒன்பது ஆண்டுகளாக ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்று. நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது, ஓய்வுக்காலத்துக்கு நீங்கள் எழுதிய மாதத் தொகையில் மூன்று மாதம் வாழ்ந்து பாருங்கள். எண் தவறாக இருந்தால், திருத்த அப்போது நேரம் இருக்கும். ஓய்வூதிய விண்ணப்பத்துக்கான படிவங்களைக் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று மீண்டும் பாருங்கள்.

ஆண்டுக் கடைசியில் 'இன்றைக்கு' கணக்கில் பணம் மிஞ்சியிருந்தால் அதைச் சேமிப்புக்கு மாற்றாதீர்கள். முதல் ஆண்டு எனக்கு ஏறக்குறைய முழுத் தொகையும் மிஞ்சியது. பழக்கதோஷத்தில் மாற்றக் கை நீண்டது. அதை அப்படியே விட்டுவைத்து, மறுவாரம் வயலின் ஆசிரியருக்கு ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினேன். முன்பணம் கட்டிவிட்டால் வகுப்புக்குப் போகாமல் இருக்க எனக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும்.